வேலியோரத்துச் செடிக்குப் பெயர் கிடைத்துவிட்டது

ஐந்து மாதமாக ‘பெயர் தெரியாதது 3’ என்று அட்டை குத்தி வைத்திருந்த தொட்டிக்கு நேற்றுதான் சரியான பெயரை எழுதினேன். கை பரபரத்தது.

அறந்தாங்கி பக்கம் நண்பர் ஒருவரின் பட்டா நிலத்தில் பழைய உயிர்வேலியை ஜேசிபி வைத்துப் பெயர்க்கப் போவதாகச் சொன்னார். அதற்கு முந்தின வாரம், புரட்டாசியில், போய், பொன்சாயாக (தொட்டியில் குட்டை மரமாக) வளர்க்க மூன்று கட்டைகளை வேரோடு எடுத்து வந்தேன். ஒன்று காரை, ஒன்று களா. மூன்றாவதுதான் இது. ஆடு கடித்துக் கடித்தே குட்டையான செடி. அடிமரம் என் மணிக்கட்டுப் பருமன், சாம்பல் நிறப் பட்டை, வேர் நாலாபக்கமும் படர்ந்திருந்தது. இப்படி ஒரு அடிமரத்தைத் தொட்டியில் வளர்த்து எடுக்கப் பத்து வருஷம் போதாது.

முதலில் இதையும் முள் குறைந்த காரை என்றே நினைத்தேன். இரண்டிலும் சின்ன இலைகள் குறுங்கிளைகளில் கொத்தாக இருக்கும். கொத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இலை எதிரெதிரா மாற்றடுக்கா என்று தெரியாது. நான் மூன்று வாரத்தை வீணாக்கியது இங்கேதான். பார்க்க வேண்டியது நீளமாக ஓடும் புதுத் தளிரை. கார்த்திகை மழைக்கு அப்படி ஒரு தளிர் வந்தது. இலைகள் ஒன்று மாற்றி ஒன்று! காரை என்றால் இலையும் எதிரெதிர், முள்ளும் எதிரெதிர். அதோடு காரை கழிந்தது.

அப்புறம் இலை நுனி. அடி குறுகி மேலே அகன்ற இலை, நுனியில் மட்டும் இரண்டு மூன்று பல். மேல்பக்கம் பளபளக்கிறது, ஆனால் விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. பொற்கொல்லர்கள் கண்ணில் இடுக்கிப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸை வாங்கி வைத்துப் பார்த்தால் இலை முழுக்க வெள்ளைப் புள்ளிகள், புள்ளி நடுவே விறைப்பான ஒரு மயிர். இந்த லென்ஸ் இல்லாமல் காட்டுச் செடி தேடப் போகவே கூடாது.

அந்த ஊரில் ஆடு மேய்க்கும் அப்பத்தாவிடம் கிளையைக் காட்டினேன். “இது குரங்கு வெத்தல தம்பி, ஆடு நல்லாத் திங்கும்” என்றார். ஊருக்கு ஊர் ஒரே பெயர் வேறு செடிக்குப் போகும் என்பதால் பூவும் பழமும் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. தை மாதம் பூத்தது. ஐந்து இதழ் வெள்ளைப் பூ, சூல்தண்டு (பூ நடுவே நிற்கும் பெண் உறுப்பின் தண்டு) அடியிலேயே இரண்டாகப் பிரிந்திருந்தது. பழத்துக்கு, கண்மாய்க் கரையில் தப்பிப் பிழைத்த புதருக்குப் போனேன். மிளகை விடக் கொஞ்சம் பெரிய செம்மஞ்சள் பழம், உள்ளே ஒரே கொட்டை. கத்தி வைத்தால் வழுக்கி ஓடியது. மெழுகுவத்தி மெழுகை இளக்கி அதில் பதித்து, புது பிளேடால் குறுக்கே அறுத்தேன். நான்கு அறை, நான்கு விதை. இதன் உறவுச் செடிகளில் கொட்டை துண்டுகளாகப் பிரியும், இதில் பிரியாது. இதைக் கார்மோனா என்று தனிப் பேரினமாகப் பிரித்து வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக, அப்பத்தா சொன்ன குரங்கு வெற்றிலையேதான். அறிவியல் பெயர் எரேஷியா மைக்ரோஃபில்லா. பழைய பெயர் கார்மோனா ரெட்டூசா. நர்சரிகளில் ‘ஃபுக்கியன் டீ’ என்று சீனச் செடியாக விற்கிறார்களே, அதேதான். தென்சீனத்தின் லிங்னான் பாணிப் பொன்சாய்க்காரர்கள் தலைமுறைகளாகக் கொண்டாடும் செடி நம் ஊர் வேலியில் ஆட்டுக்குத் தீனியாக நிற்கிறது. அந்த வேலி முழுவதும் போய்விட்டதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

முற்றிய கிளை பட்டென்று ஒடிவதால், கிளையை வளைக்கக் கம்பி கட்டப் போவதில்லை. வெட்டி வெட்டித்தான் வளர்க்கப் போகிறேன். கம்பி காரைக்கு வேண்டும்; மோட்டார் காயில் கட்டும் கடையில் பழைய செம்புக் கம்பியை எடைக்குத் தருகிறார்கள், எனாமல் போக நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் நன்றாக வளைகிறது. மண்ணுக்குச் சூளையில் கிடக்கும் உடைந்த செங்கல்லை இடித்து, தூளைச் சலித்து எறிந்துவிட்டு, பருமணலோடு கலக்கிறேன். அடுத்து பிராய் மரம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், நிலத்துக்காரரிடம் இன்னும் கேட்கவில்லை.

குரங்கு வெற்றிலையின் இடப்பக்கக் கிளையில் மாவுப்பூச்சி தெரிகிறது. முதலில் அதைப் பஞ்சால் துடைத்து எடுக்க வேண்டும். வெட்டு சித்திரைக்குப் பிறகுதான்.