அம்மா எழுந்திருக்க ஒரு சோபா

புது சோபா வந்த இரண்டாவது வாரமே அம்மா சாப்பாட்டு மேஜை நாற்காலியை ஹாலுக்கு இழுத்துப்போட்டு உட்கார ஆரம்பித்துவிட்டார். கேட்டதற்கு, "எனக்கு இதுதான் வசதியா இருக்கு" என்றார். நானும் விட்டுவிட்டேன். ஒரு நாள் அவர் சோபாவிலிருந்து எழுவதைப் பார்த்தேன். இரண்டு கையையும் ஊன்றி, முன்னும் பின்னும் ஆடி, மூன்றாவது முயற்சியில்தான் எழுந்தார்.

அன்றைக்குத்தான் டேப்பை எடுத்து அளந்தேன். இருக்கை உயரம் 38 சென்டிமீட்டர், ஆழம் 64. நிறத்தையும் ஹாலின் அகலத்தையும் அத்தனை யோசித்த நான், இதை மட்டும் பார்க்கவே இல்லை. அம்மாவுக்கு மூட்டு வலி. இருக்கை முழங்காலைவிடத் தாழ்ந்திருந்தால், எழும்போது பாரமெல்லாம் மூட்டில்தான் இறங்கும். ஆழம் அதிகமானால் முதுகைச் சாய்க்கும்போது கால் தரையை விட்டு எழும்பிவிடும்.

அந்த சோபாவைத் தம்பி எடுத்துக்கொண்டான். அடுத்ததை வாங்கும் முன் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்தேன். 44 வந்தது. கடையில் இருக்கையை வெறுமனே அளந்தால் போதாது, ஆள் உட்கார்ந்ததும் ஃபோம் அமுங்கும். அமுங்கிய பிறகும் 44, 45 இருக்க வேண்டும். முதுகு நன்றாகச் சாய்ந்திருக்கும்போது முழங்கால் மடிப்புக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைகிற இடம் வேண்டும்.

இன்னொன்றை அம்மா எழுவதைக் கவனித்துத்தான் கற்றுக்கொண்டேன். எழும் முன் பாதத்தைப் பின்னால் இழுத்துக்கொள்கிறோம். அடிப்பலகை தரை வரை மூடியிருக்கும் சோபாவில் அதற்கு இடமில்லை. சோபாவுக்குக் கால்கள் வைத்து, அடியில் காலியாக இருப்பதுதான் நல்லது. கைப்பிடியும் இருக்கையின் முன்விளிம்பு வரை நீண்டு, ஊன்றிக்கொள்ளத் திடமாக இருக்க வேண்டும்.

ஃபோமின் அடர்த்தியைக் கேளுங்கள். கன மீட்டருக்கு 35, 40 கிலோ இருந்தால் சீக்கிரம் பள்ளம் விழாது. அழுத்திப் பார்த்தால் ஃபோம் எவ்வளவு கெட்டி என்பது மட்டுமே தெரியும், அடர்த்தி வேறு. அப்புறம், சோபாவின் முன்கால் ஒன்றை அரை அடி தூக்கிப் பாருங்கள். மற்ற முன்காலும் கூடவே எழும்பினால் சட்டம் உறுதி. உறை ஜிப் வைத்துக் கழற்றித் துவைப்பதாக இருக்கட்டும். வாசலின் அகலத்தைக் கையோடு குறித்துக்கொண்டு போங்கள்.

முக்கியமாக, யாருக்கு எழுவது கஷ்டமோ அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கடையில் அம்மா கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார், நான்கு முறை எழுந்து பார்த்தார். ஐந்தாவதாகப் பார்த்த சோபாவில் ஒரு கையை மட்டும் ஊன்றி எழுந்தார். அதைத்தான் எடுத்தோம். கால் நீட்டிச் சாய முடியவில்லை என்று பையனுக்குக் குறைதான். அவனுக்குத் தரையில் ஒரு மெத்தையும் திண்டும் போட்டிருக்கிறேன்.