மை பை

பாங்காக்கில் முதல் டாக்சிக்காரர் கண்ணாடியை இறக்கி, நாங்கள் போகவேண்டிய இடத்தைக் கேட்டுவிட்டு, "மை பை" என்றார். சித்தப்பா கையிலிருந்த மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"பையை டிக்கியில எல்லாம் போட வேணாம், மடியிலயே வச்சுக்கறேன்னு சொல்லுடா."

சொல்வதற்குள் வண்டி போய்விட்டது. இரண்டாவது டாக்சியும் 'மை பை'. மூன்றாவது, பளீரென்ற இளஞ்சிவப்பு வண்டி, அதுவும் 'மை பை'. "ஊர்ல அத்தனை பேருக்கும் என் பை மேலதான் கண்ணு" என்றார் சித்தப்பா. அந்த ஊர் மொழியில் 'போகமாட்டேன்' என்று அர்த்தம் என்பதைப் பிறகு கைபேசியில் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

டாக்சிக்காரர்களையும் குறை சொல்லமுடியாது. பலரும் வண்டியை ஷிஃப்ட் கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். ஷிஃப்ட் முடிகிற சாயங்கால நேரத்தில், நெரிசலுக்குள் போய் மாட்டிக்கொள்ள யாருக்கு மனசு வரும்? நாங்கள் நின்றது பிரதுநாமில், மணி ஐந்து. போகவேண்டியது சீலோம் சாலை மாரியம்மன் கோயில். வரைபடத்தில் பார்த்தால் நாலைந்து கிலோமீட்டர்தான்.

அதற்கடுத்து நின்றவர் மீட்டரைக் கையால் மூடிக்கொண்டு "300" என்றார். சித்தப்பா முகம் மலர்ந்துவிட்டது. முப்பது வருஷம் சென்னை ஆட்டோக்காரர்களோடு மல்லுக்கட்டியவர். "நம்ம ஊருக்கு வந்த மாதிரியே இருக்குடா!" மீட்டர் 35 'பாட்' (தாய்லாந்து நாணயம்) என்று தொடங்கும், அதாவது நூறு ரூபாய்க்குச் சற்றுக் கீழே, என்று நான் படித்துவைத்திருந்ததால் அந்த வண்டியையும் அனுப்பிவிட்டோம்.

ஐந்தாமவர் நல்ல மனிதர். ஆனால் "ஸ்ரீ மகா மாரியம்மன் டெம்பிள்" என்று நான் எத்தனை விதமாகச் சொன்னாலும் அவருக்குப் புரியவில்லை. விடுதி வரவேற்பறைப் பெண் காலையில் சொன்னது சித்தப்பாவுக்குத்தான் நினைவிருந்தது. ஜன்னலுக்குள் தலையை விட்டு, பேக்கரியில் கேட்பதுபோலவே, "வாட் கேக்!" என்றார்.

"ஓ! வாட் கேக்!" என்று கதவைத் திறந்தார் அவர்.

தாய்லாந்து மொழியில் 'வாட்' என்றால் கோயில். 'கேக்' என்றால் விருந்தாளி. இந்தியர்களையும் அப்படித்தான் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயிலுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் அது. வரைபடம், மொழிபெயர்ப்புச் செயலி எல்லாம் வைத்திருந்த நான் வாயை மூடிக்கொண்டு பின்சீட்டில் ஏறினேன்.

ஏறியதோடு சரி. ராட்சபிரசோங் சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தது. அங்கே மூலையில்தான் புகழ்பெற்ற எரவான் பிரம்மா சன்னதி. "தரிசனம் நல்லா கிடைச்சுது" என்று சித்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி போட்டுக்கொண்டார். பிரம்மாவுக்கு நான்கு முகம். நாங்கள் நின்ற நேரத்தில் அவர் ஒவ்வொரு முகமாகத் திருப்பிக் காட்டியிருக்கலாம். வண்டி நின்றாலும் மீட்டர் நிற்கவில்லை. தலைக்கு மேலே, 1999லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் பி.டி.எஸ். வானரயில் சர்ரென்று போய்க்கொண்டே இருந்தது.

"ஆறாவது ரயில்டா" என்றார் சித்தப்பா. ஒன்றும் சொல்லாமல் காசைக் கொடுத்து இறங்கினோம்.

ராட்சதம்ரி நிலையத்துப் படிகளில் ஏறி, சீட்டு வாங்கி, நடைமேடையில் நான் கைபேசியைப் பார்த்தபடி வேகமாக நடந்துகொண்டிருக்கையில், முன்னால் போனவர் சடாரென்று நின்றார். அவர் முதுகில் மோதினேன். அவர் திரும்பவில்லை. சுற்றிலும் யாருமே அசையவில்லை. துடைப்பத்தோடு இருந்த பெண்கூட அப்படியே நின்றார். ஒரு நொடி, நான்தான் ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன் என்று வியர்த்துவிட்டது.

மணி ஆறு. தினமும் காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் அங்கே ஒலிபெருக்கியில் தேசிய கீதம் போடுவார்கள், அது முடியும்வரை எல்லாரும் நிற்பார்கள். சித்தப்பா ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குதிகால் சேர்த்து, மார்பை நிமிர்த்தி, அட்டென்ஷனில் நின்றிருந்தார். என் கையிலிருந்த கைபேசியை அவர் பார்த்த பார்வை, எட்டாம் வகுப்பு பி பிரிவின் கடைசி வரிசைக்கு உரியது. கீதம் முடிந்ததும், விட்ட இடத்திலிருந்து மொத்த நிலையமும் நடந்தது.

ரயிலில் இரண்டே நிறுத்தம். சாலாடேங், அப்புறம் சோங் நோன்சி. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. இறங்கி, எந்தப் பக்க வாசல் என்று நான் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஆரஞ்சு அங்கி போட்ட மோட்டார்சைக்கிள் டாக்சிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"கேக்!" என்று ஒரு குரல் கேட்டது. நிமிர்ந்தபோது, யாரோ ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா நெரிசலுக்குள் மறைந்துகொண்டிருந்தார். வேட்டி பறந்தது.

நான் நடந்து கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் தரிசனமே முடித்து, தாய்லாந்துக்காரர்கள் கூட்டத்துக்கு நடுவே குங்குமத்தோடு நின்றிருந்தார்.

திரும்பும்போது வாசலில் ஒரு டுக்டுக், அந்த ஊர் ஆட்டோ. அதில் மீட்டரே கிடையாது, பேரம்தான். பிரதுநாமுக்கு 400 என்றார். நான் கணக்குப் போட ஆரம்பிக்குமுன், சித்தப்பா பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்ணை மூடித் தலையை மெல்ல ஆட்டினார்.

"மை பை."

டுக்டுக்காரர் ஹேண்டில்பார்மேல் சாய்ந்து சிரித்தார். சிரித்து முடித்தபோது 400 இருநூறாகியிருந்தது. சித்தப்பா ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.