காதில் எழுத்தாணி

"நான் ஆயத்துறைக் கணக்கப்பிள்ளை, சித்தப்பா" என்றாள் பெறாமகள். துறைமுகத்தில் வரி எழுதுகிறவள்.

விறாந்தையில் பாய் விரித்து, இல்லாத பேரரசு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தோம். நடுவில் இருபது பக்கத் தாயக்கட்டை. 1974இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடக்கிவைத்த வகை விளையாட்டு. கதை நடத்துவது நான். ஆளுக்கொரு பாத்திரம் அவர்களுக்கு. நினைத்தது பலிக்குமா என்பதைக் கட்டை சொல்லும்.

பையன்கள் மூவரும் தளபதிகள். மூவருக்கும் கொல்லப்பட்ட தகப்பன், மூவருக்கும் பழி. நாலாமவன் மந்திரவாதி, அதாவது தாடி வைத்த தளபதி.

இவள் கொப்பித் தாளில் எழுதியிருந்தாள்: காதில் எழுத்தாணி. முத்துக்குளிப்பவர்களிடம் கடன். யானை என்றால் பயம், ஆனால் கப்பலேறும் யானைகளை எண்ணுவதுதான் வேலை.

"யானை எங்கிருந்து வந்தது?"

"ஊர்காவற்றுறையில் முந்தி ஏற்றினார்களாமே. அம்மம்மா சொன்னார்."

நல்லூரிலிருந்து ஆண்ட யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்ததைப் பரீட்சைக்குப் பாடமாக்கியவன் நான். அந்த அரசில் ஓலையில் வரி எழுதியவர் யார், அவருக்கு எதற்குப் பயம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வாளோடு வருகிறவனுக்கு ஒரே வழிதான், வெட்டுவது. துறையில் இருப்பவளைத் தாண்டித்தான் பேரரசுக்குள் எல்லாரும் வரவேண்டும்.

மூத்த தளபதி படையோடு கரையிறங்கினான். குதிரைக்கு ஆயம் கேட்டாள். மிரட்டிப் பார்த்துக் கட்டையை உருட்டினான். மூன்று.

புட்டு ஆறுகிறது என்று அம்மா கூப்பிடும்வரை படை துறையிலேயே நின்றது.