கடைசித் தொகுதியில்தான் விஷயம்

நாங்கள் ஃபர்ம்வேர் எழுதும் சிப்புகளில் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறை வன்பொருளாகவே இருக்கும். செய்தியைக் கைரேகை போலச் சுருக்கும் ஹாஷுக்கென்று தனி நினைவகம் ஒதுக்க மனம் வராது. அதனால் வழியில் யாரும் செய்தியைத் திருத்தவில்லை என்று உறுதிசெய்ய, ஏஇஎஸ் போல ரகசியச் சாவியால் தொகுதி தொகுதியாக மறையாக்கும் பிளாக் சைஃபரைக் கொண்டே மேக் என்னும் சரிபார்ப்பு மதிப்பைக் கணக்கிடுவது வழக்கம்.

எங்கள் கைக்கு வந்த பழைய நிரல் வெறும் சிபிசி-மேக். ஒவ்வொரு தொகுதியையும் முந்தைய விடையோடு எக்ஸார் செய்து (பிட்டுகள் வேறுபட்டால் 1, ஒன்றானால் 0) என்கிரிப்ட் செய்ய வேண்டும். கடைசியாக வருவதுதான் டேக், அதாவது செய்தியோடு அனுப்பும் மேக் மதிப்பு. செய்திகள் ஒரே நீளமாக இருந்தால் இது பாதுகாப்பானது என்று 1994-இல் பெல்லாரே, கிலியன், ரோகவே மூவரும் நிரூபித்தார்கள். நீளம் மாறும் கட்டளைகளும் வேண்டும் என்று கேட்டபோதுதான் வம்பு ஆரம்பித்தது.

"ஏஇஎஸ்ஸை யார் சார் உடைக்கப் போறாங்க?" என்றார் ஒரு சக ஊழியர். யாரும் உடைக்க வேண்டியதில்லை. ஒரே தொகுதியுள்ள செய்தி, அதன் டேக், இரண்டும் கையில் இருந்தால் போதும். இரண்டையும் எக்ஸார் செய்து அதே செய்தியின் பின்னால் ஒட்டினால், நீண்ட செய்திக்கும் அதே டேக்தான் வரும். சாவியே தேவையில்லை. வெள்ளைப்பலகையில் இரண்டு வரி எழுதியதும் அவர் அமைதியாகிவிட்டார். ஐவியை, அதாவது முதல் தொகுதியோடு எக்ஸார் செய்யும் தொடக்க மதிப்பை, ரேண்டமாக வைக்கலாமே என்றார் இன்னொருவர். அது இன்னும் மோசம்: ஐவியில் ஒரு பிட்டையும் முதல் தொகுதியில் அதே இடத்துப் பிட்டையும் புரட்டினால் டேக் மாறாது.

சரி, சிமேக்குக்கு மாறினோம். இவாடா, குரோசாவா இருவரின் ஓமேக் என்ற மேக் முறையை ஒட்டி 2005-இல் அமெரிக்கத் தர அமைப்பான நிஸ்ட் வெளியிட்ட முறை இது. பூஜ்யத் தொகுதியை என்கிரிப்ட் செய்து, அதிலிருந்து இரண்டு துணைச்சாவிகள் எடுப்பார்கள். கடைசித் தொகுதி முழுமையா, அரைகுறையா என்பதைப் பொறுத்து ஒன்றை அதோடு எக்ஸார் செய்ய வேண்டும். செலவு கூடுதலாக ஒரு என்கிரிப்ஷன்தான். அதையும் முன்பே செய்து வைத்துக்கொள்ளலாம். சிமேக்கை விவரிக்கும் ஆர்எஃப்சி 4493 என்ற ஆவணத்தில் 0, 16, 40, 64 பைட் நீளத்துக்குச் சோதனை மதிப்புகள் உண்டு. நான் முதலில் ஓட்டுவது 0, 40 இரண்டையும்தான். அரைகுறைத் தொகுதியை நிரப்புவதில் பிசகினால் அங்கேதான் பிடிபடும்.

நிரலை மாற்றியதைவிட, சாவியையும் மாற்ற வேண்டும் என்பதற்குத்தான் அதிகம் வாதாட வேண்டியிருந்தது. பழைய கருவிகள் அதே சாவியில் சிபிசி-மேக்கைத் தொடர்ந்தால், பூஜ்யம் மட்டுமே உள்ள ஒரு தொகுதிக்கு அவை தரும் டேக்கும், துணைச்சாவிகள் பிறக்கும் அந்த மதிப்பும் ஒன்றேதான்; அந்த டேக்கைப் பார்த்தவருக்குத் துணைச்சாவிகளும் தெரிந்துவிடும்.