அப்பாவின் ரெட்டைக் குழல் என் பெயருக்கு மாறிய பதினைந்து மாதம்

அப்பாவின் காரியம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் என்னைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். "ஏனுங்க மாப்ளே, அந்தத் துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைச்சாச்சுங்களா?" என்றார். எனக்குப் புரியவில்லை. லைசென்ஸ் இருக்கிறதே, எதற்கு ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டேன். "லைசென்ஸ் உங்கப்பனுக்கு. உங்களுக்கு இல்லீங்க. இன்னைக்கு யாராச்சும் பீரோவத் தெறந்து பாத்தா, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வெச்சிருக்கறது நீங்கதான்."

அது 2021 அக்டோபர். அப்பா போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் துப்பாக்கி பீரோவில்தான் இருந்தது. துக்க வீட்டில் யாருக்கு அந்த நினைப்பு வரும்? ஆனால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், வாரிசுகள் தாமதம் செய்யாமல் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். அப்பாவோ தாத்தாவோ துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகளில் இதை இன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான் இதை எழுத முதல் காரணமே அதுதான்.

மறுநாள் காலை குழல் தனி, கட்டை தனி என்று கழற்றித் துண்டில் சுற்றி எடுத்துப் போனேன். கூடவே லைசென்ஸ் புத்தகமும் பதினொரு தோட்டாக்களும். மாமாவும் வந்தார். ஸ்டேஷன் ரைட்டர் ரசீது எழுதும்போது மாமாதான், துப்பாக்கி நம்பர், தோட்டா எண்ணிக்கை, குழலும் கட்டையும் என்ன நிலையில் இருக்கின்றன என்று மூன்றையும் எழுதச் சொன்னார். எனக்கு அது வீண் வேலையாகத் தோன்றியது. எட்டு மாதம் கழித்துத்தான் ரசீதில் நம்பர் இருப்பதன் அருமை தெரிந்தது.

துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். 12 போர் ரெட்டைக் குழல். 1986இல் கோயம்புத்தூரில் வாங்கியது. எங்கள் காடு, அதாவது விவசாய நிலம், மலையடிவாரத்தில்; கிணற்று மேட்டிலிருந்து பார்த்தால் காப்புக்காட்டின் எல்லைக்கல் தெரியும். நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி. கடலை காய் பிடிக்கும் நேரத்தில் பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் அரை ஏக்கரை உழுதுவிட்டுப் போகும். பக்கத்து வீடு என்றால் முக்கால் கிலோமீட்டர். அப்பா முப்பத்தைந்து வருஷத்தில் எதையும் சுட்டுக் கொன்றதில்லை. ராத்திரி வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு, அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்டால், ஆள் முழித்திருக்கிறான் என்று பன்றிக்கும் தெரியும், திருட வருகிறவனுக்கும் தெரியும்.

உரிமத்தை என் பெயருக்கு மாற்ற வழி உண்டா என்று விசாரித்தபோதுதான் ஒன்று தெரிந்து மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் 25ஆம் விதி, குடும்பத் துப்பாக்கியை வாரிசுக்குத் தருவது பற்றியது. உரிமதாரர் இறந்த பிறகு வாரிசு விண்ணப்பிக்கலாம். அது மட்டுமில்லை. உரிமதாரருக்கு எழுபது வயது ஆகிவிட்டாலோ, இருபத்தைந்து வருஷம் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே தான் சொல்லும் வாரிசின் பெயருக்கு உரிமம் கேட்கலாம். அப்பாவுக்கு எழுபத்து நான்கு. இரண்டு தகுதியும் இருந்தது. ஒரு கையெழுத்து அவர் போட்டிருந்தால் பாதி அலைச்சல் இல்லை. அவரும் கேட்கவில்லை, நானும் தெரிந்துகொள்ளவில்லை.

சரி, பேப்பர் வேலை. வாரிசுச் சான்றிதழ் தாலுகா அலுவலகத்தில் வாங்கினேன். அம்மாவும் தங்கச்சியும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏ-1 படிவத்தை இணையத்தில் நிரப்பி, அச்செடுத்து, பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், போட்டோ எல்லாம் சேர்த்து 2022 ஜனவரியில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தேன். டாக்டரிடம் உடல், மன நலச் சான்று. பிறகு துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிக்கு ஒரு ரைபிள் கிளப்.

அந்தப் பயிற்சியைச் சம்பிரதாயம் என்று நினைத்துத்தான் போனேன். சொல்லிக் கொடுத்தவர் ராணுவத்தில் இருந்தவர். என் கையில் ஒரு ரெட்டைக் குழலைக் கொடுத்தார். நான் வாங்கியதும், அப்பா வைத்திருந்ததைப் போலத் தோளில் சாய்த்தேன். உடனே திரும்ப வாங்கிக்கொண்டார். "கையில வந்த உடனே மொதல்ல என்ன செய்யணும்? தொறக்கணும். கொடுத்தவன் காலின்னு சொன்னாலும் தொறந்து ரெண்டு கொழாயையும் கண்ணால பாக்கணும்" என்றார். மடக்கித் திறந்து, வெளிச்சத்துக்கு நேராகக் காட்டினார். இரண்டு வட்டம், உள்ளே கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. முன் விசை வலது குழலுக்கு, பின் விசை இடது குழலுக்கு. சுடும் வரைக்கும் விரல் விசைமேல் போகவே கூடாது, வெளியே கட்டையோடு ஒட்டி இருக்க வேண்டும். அன்று முழுக்க இதையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. உரிமம் கேட்கிற ஒவ்வொருவரும் இப்படி ஒரு நாள் நின்றே தீர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் விசாரணைகள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், காவல் நிலையம், வனச்சரகம் என்று ஒவ்வொரு இடத்துக்கும் கோப்பு போய்த் திரும்ப வேண்டும். காவலர் ஒருவர் அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றிக் கேட்டார். குடிப்பேனா, வரப்புத் தகராறு உண்டா, பங்காளிச் சண்டை உண்டா. சரியான கேள்விகள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஓர் இடத்தில் மட்டும், "இவ்வளவு சின்ன நிலத்துக்குத் துப்பாக்கியா?" என்று கேட்டார்கள். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், மேல்முறையீடும் உண்டு. இதை அவரிடம் மரியாதையாகச் சொன்னேன். எழுதிக்கொண்டார், மேற்கொண்டு கேட்கவில்லை. வனச்சரகர்தான் முகத்துக்கு நேராகப் பேசினார்: "சத்தம் போட்டு வெரட்டறதுக்கு வெச்சுக்கங்க. ஒரு பன்னி செத்தாலும் வன உயிரினச் சட்டத்துல கேஸ். அப்ப எங்கிட்ட வந்து நிக்காதீங்க." அவர் சொன்னதில் தப்பில்லை.

2022 ஜூனில் கோப்பு நின்றது. நம்பர் பொருந்தவில்லை என்றார்கள். பழைய உரிமங்களையெல்லாம் தேசியத் தரவுத்தளத்தில் ஏற்றி, ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் கொடுத்தார்களே, அப்போது அப்பாவின் துப்பாக்கி நம்பரில் கடைசி இலக்கத்தை 3க்குப் பதில் 8 என்று ஏற்றியிருக்கிறார்கள். காகிதத்தின்படி பார்த்தால், ஸ்டேஷனில் இருப்பது வேறு துப்பாக்கி, அப்பாவின் துப்பாக்கி எங்கே என்று தெரியாது. ஒரு வளைந்த கோட்டால் எங்கள் வீட்டில் ஒரு கள்ளத் துப்பாக்கி முளைத்துவிட்டது!

அம்மாதான் மஞ்சப்பையை எடுத்து வந்தார். அப்பா எதையும் கிழித்துப் போடாத மனுஷன். ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து வாங்கிய ரசீதுகள் அத்தனையும் உள்ளே இருந்தன. 2011, 2014, 2016, 2019, 2021 என்று வரிசையாக, பழையவை மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டி. எல்லாவற்றிலும் 3 என்றே இருந்தது. நகலெடுத்துக் கொடுத்தேன். ஆயுதப்படையிலிருந்து, துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரர் ஒருவர் ஸ்டேஷனுக்கு வந்தார். குழலைக் கழற்றி, அடியில் நம்பர் வெட்டியிருக்கும் இடத்தில் எண்ணெய்த் துணியால் தேய்த்தார். கறுப்பு அழுக்கு வழித்துக்கொண்டு வந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். இடது பக்கம் திறந்திருந்த 3. போனில் படம் எடுத்து, "உங்கப்பா ரசீது வெச்சிருந்தாரு, பொழச்சீங்க" என்றார். அந்தத் திருத்தம் கணினியில் ஏற இன்னும் ஐந்து மாதம் ஆனது.

காத்திருந்த மாதங்களில் சட்டத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1878இல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் ஐரோப்பியர்களை விட்டுவிட்டு இந்தியர்களை மட்டும் உரிமம் வாங்கச் சொன்னது. அதனால்தான் 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்வதையும் குடிமக்களின் உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு எழுதிய அரசியலமைப்பில் அது இடம்பெறவில்லை. நான் காத்திருந்த நேரத்திலேயே, 2023 பிப்ரவரியில், உரிமமில்லாத துப்பாக்கிகள் பற்றிய விஷயத்தை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்தது. அமெரிக்காவைப் போல ஆயுதம் ஏந்தும் அடிப்படை உரிமை இங்கே கிடையாது என்று அப்போது சொன்னது. பக்கத்தில் கர்நாடகத்தின் குடகில் கொடவ இனத்தவருக்கு உரிமம் வாங்குவதிலிருந்தே விலக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் வந்த விலக்கு அது, இப்போது 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். நான் அப்படியெல்லாம் கேட்கவில்லை. விசாரியுங்கள், தகுதி பாருங்கள், ஆனால் பதிலை ஒரு கெடுவுக்குள் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நேர்காணலில் அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வீட்ல ராத்திரி சண்டைன்னு வெச்சுக்கங்க. துப்பாக்கி எங்க இருக்கும்?" குழல் மேல் வீட்டு இரும்புப் பெட்டியில், கட்டை கீழே பீரோவில், தோட்டா மூன்றாவது இடத்தில், சாவி என்னிடம் மட்டும் என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கோப்பில் எழுதினார். 2023 ஏப்ரலில் உரிமம் வந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்து வருஷத்துக்கு. முன்பு மூன்று. அதே திருத்தத்தில்தான் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள்.

ஸ்டேஷனிலிருந்து துப்பாக்கியை வாங்கி, வாசலிலேயே திறந்து வெளிச்சத்துக்குக் காட்டினேன். இடது குழலில் பாதி தூரத்துக்குச் செம்பழுப்பாகத் துரு. ஒன்றரை வருஷம் எண்ணெய் காணாமல் கிடந்தால் இரும்பு என்ன செய்யும்? இரண்டு நாள் கம்பியில் ஃபிளானல் துணி சுற்றித் தேய்த்தும் சில புள்ளிகள் போகவில்லை. இப்போதும் இருக்கின்றன. ஒப்படைக்கப் போகிறவர்கள் குழலுக்குள் தாராளமாக எண்ணெய் பூசி, எண்ணெய்த் துணி சுற்றிக் கொடுங்கள். நம்பரைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுத்த வருஷமே நாடாளுமன்றத் தேர்தல். 2024 மார்ச் 16 அறிவிப்பு, ஏப்ரல் 19 எங்களுக்கு வாக்குப்பதிவு, ஜூன் 4 முடிவு. ஓட்டுப் போட்ட பிறகும் ஒன்றரை மாதம் துப்பாக்கி ஸ்டேஷனில் கிடந்தது. அந்த இடைவெளியில்தான் எங்கள் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றில், இருட்டில் பன்றி என்று நினைத்துச் சுட்டதில் ஓர் இளைஞன் செத்துப்போனான். சுட்டது நாட்டுத் துப்பாக்கி. கருமருந்து இடிக்கிற குழல், லைசென்ஸ் கிடையாது, எந்தப் பதிவிலும் கிடையாது. மறுநாள் காலையில் போலீஸ் எங்கே வந்தது தெரியுமா? பட்டியலில் பெயர் இருந்த எங்கள் வீடுகளுக்கு. என் துப்பாக்கி அவர்கள் ஸ்டேஷனிலேயே பூட்டிக் கிடக்கிறது என்று ரசீதைக் காட்டினேன். வந்த காவலர் தலையாட்டிவிட்டு அடுத்த பெயரைப் பார்க்கப் போனார்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், இந்த நாட்டில் துப்பாக்கியால் நடக்கும் கொலைகளில் மிகப் பெரும்பாலானவை உரிமமில்லாத துப்பாக்கியால் நடந்தவை. உரிமமில்லாமல் வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து வருஷம் ஜெயில், செய்து விற்றால் ஏழு வருஷத்திலிருந்து ஆயுள் வரை என்று சட்டத்தைக் கடுமையாக்கியாகிவிட்டது. ஆனால் மலையில் புதரில் சொருகி வைத்திருக்கும் குழலைத் தேடிப் போவது கஷ்டம். பட்டியலில் இருப்பவன் வீட்டுக்குப் போவது சுலபம். அந்தப் பையனின் அம்மாவைச் சந்தையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நெஞ்சில் வந்து நிற்கிறது. என்னைச் சோதிக்கச் செலவழித்த பதினைந்து மாதத்தில் ஒரு மாதத்தை அந்த மலைக் கிராமத்தில் செலவழித்து, வழக்கில்லை, ஒப்படையுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தால் அவன் இருந்திருப்பானோ என்னவோ.

பன்றித் தொல்லையும் இதோடு சேர்ந்ததுதான். விரட்ட வழியில்லாதவன்தான் கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காய் வைக்கிறான், மின்வேலியில் திருட்டு கரண்ட் விடுகிறான், நாட்டுத் துப்பாக்கி வாங்குகிறான். கேரளாவில் 2022இலிருந்து, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உரிமம் உள்ளவர்களுக்கு உள்ளாட்சித் தலைவர் அனுமதி கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். இங்கே 2025 ஜனவரியில் அரசு எடுத்த முடிவின்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு வெளியே வரும் பன்றியை வனத்துறையே சுடும். எங்கள் காடு எல்லைக்கல்லுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் எங்களுக்கு அதுவும் இல்லை.

ஜூன் மாதம் துப்பாக்கியைத் திரும்ப வாங்கி வந்த அன்று, துண்டை விரித்துத் திண்ணையில் வைத்தேன். இந்த முறை துரு இல்லை. அம்மா உள்ளேயிருந்து மஞ்சப்பையோடு வந்தார். "ரசீத எங்கண்ணு?" என்று கேட்டு வாங்கி, 2021 ரசீதுக்கு மேல் நான்காய் மடித்து வைத்தார்.