எம்5 நட்டும் 10-32 திருகும்: மரை அளவுகளை நான் கற்றுக்கொண்ட விதம்

இயந்திரத்தின் காப்புத் தகடு மூன்றாவது முறையாகக் கழன்று தொங்கியபோதுதான், மரைகளின் தரநிலைகளை முறையாகப் படிக்காமலேயே இத்தனை நாள் வேலை செய்திருக்கிறேன் என்று உணர்ந்தேன். காணாமல் போன நட்டுகளுக்குப் பதிலாக எம்5 (5 மி.மீ. திருகுக்கான மெட்ரிக்) நட்டுகளைப் போட்டிருந்தேன். அவை விரலாலேயே ஏறின, ஸ்பேனர் வைத்து முறுக்கியதும் இறுகின, ஆனால் சில நாள் அதிர்விலேயே தளர்ந்துவிட்டன.

திருகை வெர்னியர் காலிப்பரில் அளந்தபோது வெளிவிட்டம் 4.8 மி.மீ. காட்டியது. தேய்மானம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிட்ச், அதாவது அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலான தூரம்; அதை அளக்கும் பிட்ச் கேஜின் 0.8 மி.மீ. தகடும் அதில் பொருந்தியதால் குழப்பம் கூடியது. அங்குல அளவுகளின் அட்டவணையைப் பார்த்த பிறகே அது அமெரிக்க முறையின் 10-32 திருகு என்று விளங்கியது. அங்குலத்துக்கு 32 மரை என்றால் பிட்ச் 0.794 மி.மீ.; எம்5 திருகுக்கு 0.8. மரைக் கோணமும் இரண்டிலும் 60 பாகை. ஆகவே நட்டு தடையில்லாமல் ஏறிவிடுகிறது. ஆனால் திருகின் விட்டம் 4.826 மி.மீ. மட்டுமே என்பதால், மரைகள் முழு ஆழத்துக்குப் பற்றுவதில்லை. பொருந்தாத நட்டு உடனே எச்சரித்துவிடும். அரைகுறையாகப் பொருந்துவதே ஆபத்தானது.

பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் மரையிலும் இதே சிக்கல் உண்டு. 3/8 அங்குலத்தில் அதற்கும் அமெரிக்காவின் யூ.என்.சி. எனும் மரை வகைக்கும் அங்குலத்துக்கு 16 மரை என்ற ஒரே எண்ணிக்கைதான். ஆனால் விட்வொர்த்தின் கோணம் 55 பாகை. அரை அங்குலத்தில் எண்ணிக்கையே 12, 13 என்று வேறுபடுகிறது.

தலையின் அளவு வேறு கதை. ஜெர்மன் தரநிலையான டின் 933-இன்படி செய்த எம்10 போல்ட்டுக்கு 17 மி.மீ. ஸ்பேனர், சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 4017-இன்படி செய்த எம்10 போல்ட்டுக்கு 16 மி.மீ., மரை ஒன்றேதான்.

வலிமையில்தான் நான் பெரிய தவறு செய்ய இருந்தேன். தலையில் ஆறு கோடுகள் கொண்ட, கிரேடு 8 என்ற அமெரிக்க வலிமைத் தர அங்குல போல்ட் ஒன்று தேய்ந்திருந்தது. மரைத் துளையைப் பெரிதாக்கி மெட்ரிக் போல்ட் போட முடிவானதும், எண் ஒத்திருக்கிறதே என்று 8.8 என்ற மெட்ரிக் வலிமைத் தர போல்ட்டை எடுத்தேன். 8.8 என்பதன் முதல் எண் 800 மெகாபாஸ்கல் இழுவிசை வலிமையைக் குறிக்கிறது. கிரேடு 8 போல்ட்டோ 1,000 மெகாபாஸ்கலைத் தாண்டும். அதற்கு நெருங்கியது 10.9, 8.8 போல்ட்டுக்கு நெருங்கியது மூன்று கோடுகள் கொண்ட கிரேடு 5.

காப்புத் தகட்டுக்கு 10-32 நட்டுகளையே தேடி வாங்கிப் பொருத்தி, ஒவ்வொரு நட்டிலிருந்தும் தகடு வரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வைத்தேன். ஆறு மாதமாகியும் எந்தக் கோடும் விலகவில்லை.