கன்னியாவின் 7 கிணறுகளும் பொசிஷன் அப்சலூட்டும்

உயர்தரத்தில் ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) படித்த தைரியத்தில், திருகோணமலையில் எங்கள் வீட்டிலிருந்தே கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு ஓர் இணையப் பக்கம் செய்ய உட்கார்ந்தேன். 7 கிணறுகள், 7 படங்கள். ஒவ்வொரு படத்தின் இடது கீழ் மூலையிலும் கிணற்றின் இலக்கத்தோடு ஒரு பட்டை வர வேண்டும். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் பட்டைக்குப் பொசிஷன் அப்சலூட், பொட்டம் 0, லெஃப்ட் 0 கொடுத்தேன். ஏழும் திரையின் அடி மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்துவிட்டன. கண்ணுக்குத் தெரிந்தது 7ஆம் கிணற்றின் பட்டை மட்டும்தான்.

இரண்டு இரவுகள் ஒவ்வொரு பட்டையையும் பிக்சல் கணக்கில் நகர்த்தினேன். மடிக்கணினியில் சரியாக வந்தது, போனில் திறந்தால் மறுபடி கலைந்தது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டா: "தம்பி, இந்தப் பட்டை ஆரைப் பார்த்து நிக்குது?"

அதுதான் விஷயம். சிஎஸ்எஸ்ஸுக்குப் படம், பட்டை எல்லாமே பெட்டிகள். அப்சலூட் கொடுத்த பெட்டி, தன்னைச் சுற்றியுள்ள பெட்டிகளில் பொசிஷன் கொடுக்கப்பட்டது எது என்று உள்ளிருந்து வெளியே தேடிப் போகும். ஒன்றும் இல்லையென்றால் பக்கத்தின் முதல் திரையளவையே பிடித்துக்கொள்ளும். படமும் பட்டையும் இருந்த பெட்டிக்குப் பொசிஷன் ரிலேட்டிவ் என்று ஒரு வரி எழுதினேன், ஏழும் தத்தம் படத்துக்கே வந்துவிட்டன.

ரிலேட்டிவ் என்பது பஸ்ஸில் பையை வைத்துவிட்டு எழும்பி நிற்பது மாதிரி, ஆள் நகர்ந்தாலும் இருக்கை அவருக்குத்தான். அப்சலூட் இறங்கிப் போனவர். அவருடைய இடத்துக்கு அடுத்தவர் நகர்ந்து வந்துவிடுவார்.

அப்புறமும் பட்டை படத்தின் விளிம்பைவிடச் சற்றுக் கீழே தொங்கியது. மார்ஜினில், அதாவது பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளியில், தேடி நேரம் போக்காதீர்கள். படம் இயல்பாக ஓர் எழுத்தைப் போல வரியில் உட்காரும், எழுத்துகளின் வால் இறங்குவதற்கான இடம் அதன் அடியில் மிஞ்சும். படத்துக்கு டிஸ்பிளே பிளாக் கொடுத்தால் அது எழுத்தைப் போல உட்காராமல் தனிப் பெட்டியாக நிற்கும், அந்த இடமும் போய்விடும். இப்படிப்பட்ட இடைவெளிகளைப் பிடிக்கப் பெட்டிகளுக்குச் சிவப்பு அவுட்லைன் போட்டுப் பாருங்கள். போர்டர் வேண்டாம், அது தானே இடம் பிடித்து அளவைக் குழப்பும்.

7 படங்களையும் வரிசைப்படுத்த அப்சலூட்டைத் தொடவே வேண்டாம், பெட்டிகளை வரிசையாக அடுக்கும் பிளெக்ஸும், இடம் போதாவிட்டால் அடுத்த வரிக்கு இறக்கும் ராப்பும் போதும்.

இன்றைக்கே ஒரு படம், ஒரு பட்டை வைத்துச் செய்து பாருங்கள். ரிலேட்டிவ் வரியை அழியுங்கள், பட்டை எங்கே பாய்கிறது என்று பாருங்கள், திரும்ப எழுதுங்கள்.